மான் தின்ற பக்கம்

அறுநூறு சொல், பதினெட்டுப் பக்கம்,
போட்டோக்கொப்பிக்கு நூற்றியெண்பது ரூபா.
தரம் உயரும் சோதனைக்கு நாற்பத்தொரு நாள்.
வங்கியின் அடைவுப் பிரிவில் எனக்கு இது ஏழாம் வருடம்.
ரிஸ்மினா காசாளர்.
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து
ஸ்கூட்டியில் வருவாள்,
ஹெல்மெட்டுக்குள் சொற்களை முணுமுணுத்தபடி.

ஏ, பீ, சீ எல்லாருக்கும் தெரியும்,
கடைசியிலிருந்து பிடிப்போம் என்றாள்.
இசட்டில் மூன்றே சொல்.
யூவுக்கு வந்தபோது யுபிக்விட்டஸ்:
எங்கும் நிறைந்தது.
நான் மலைமேல் இருக்கிற கோணேசரை நினைத்தேன்.
உதாரண வாக்கியத்தில் பொலித்தீன் பை இருந்தது.
டச்சு பே மணலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
'ரெண்டும் சரிதான்' என்றாள்.

எஸ் முடிந்த சனிக்கிழமை
கோட்டை வாசலுக்குப் பக்கத்தில்
கச்சான் வாங்கிக்கொண்டு இருந்தோம்.
கச்சான் காற்று வேறு, கண்ணெல்லாம் மண்.
பின்னால் வந்து நின்ற புள்ளிமானை
ஊர்க்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை,
நாங்களும் பார்க்கவில்லை.
சரையைத்தான் இழுக்கிறது என்று நினைத்தேன்.
அது பக்கத்தை இழுத்தது.
நிதானமாய் மென்றது,
அர்த்தம், வினைச்சொல், உதாரணம்
எல்லாம் ஒரே வாய்க்குள்.

'ஆர் போச்சுது' என்றேன்.
'ஆர் போனது?' என்று பதறி எழும்பினாள்.
இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
வேறு அர்த்தமும் உண்டு.
இரண்டு பேரும் சிரித்தோம்,
பிறகு சிரிக்கவில்லை.

மற்றப் பக்கங்கள் நல்லபடி நடந்தன.
எம்மில் மெட்டிக்குலஸ்:
மிக நுணுக்கமான.
அதற்கு வாக்கியம் தேட வேண்டியிருக்கவில்லை,
என் மேசையில் தராசு இருக்கிறது.
சல்லியிலிருந்து வருகிற லோகநாயகியின்
அதே இரண்டு காப்பை
நான்காம் தடவையாக நிறுத்தேன்.
முதல் தடவை பதினைந்து கிராம் தொண்ணூற்றெட்டு.
இப்போது தொண்ணூற்றிரண்டு.
கை தேய்த்த கணக்கு அது,
கள்வர் யாருமில்லை.
படகு என்ஜினுக்கு வைப்பாள்,
மீன் பட்டால் எடுப்பாள்.
'இது போய் வாற சாமான், தங்கச்சி,
நீங்க கவலைப்படாதீங்க' என்பாள்
ரசீதைக் கைப்பைக்குள் நாலாய் மடித்தபடி.
வாக்கியத்தை நான் எழுதினேன்:
காப்புகள் மிக நுணுக்கமாக நிறுக்கப்பட்டன.
செயப்பாட்டு வினை. பிழையில்லை.
நிறுத்தவளும் அதில் இல்லை, கொடுத்தவளும் இல்லை.

சோதனை மண்டபத்தில் மின்விசிறி
ஒரு பக்கம்தான் திரும்பியது.
பதினான்காம் கேள்வி ஆரில் வந்தது.
ரிடீம்.
மான் தின்றதில் இருந்திருக்கும்.
ஆனால் இந்தச் சொல்லைப் படிக்க எனக்குப் பக்கம் தேவையில்லை,
ஏழு வருடமாக அதன் மேல்தான் முத்திரை குத்துகிறேன்.
மீட்டல்.
தமிழில் நரம்பை மீட்டினால் நாதம் வரும்,
தேவாலயத்தில் மீட்பர் வருவார்,
எங்கள் கவுண்டரில்
வட்டியோடு ஒரு ஆள் வரவேண்டும்.

லோகநாயகி என்று தொடங்கினேன்.
அதற்குப் பிறகு காலம் தெரியாமல் நின்றேன்.
மூன்று தடவை மீட்டிருக்கிறாள், அது முடிந்த காலம்.
நான்காவது தவணை தாண்டி
ஏல அறிவித்தல் போன மாதமே
பதிவுத் தபாலில் போய்விட்டது.
அனுப்பியது நான்தான்.
கையெழுத்தும் மிக நுணுக்கம்.

பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு
வில் போட்டேன்.
மீட்பாள்.
பிழையென்றால் அரைப் புள்ளி போகட்டும்.

வெளியே ஸ்கூட்டியை உதைத்தபடி ரிஸ்மினா கேட்டாள்,
பதினாலுக்கு என்ன எழுதினாய் என்று.
சொன்னேன்.
அவள் சுப்பர்மார்க்கெட் கூப்பன் என்று எழுதியிருந்தாள்.
அதுவும் சரிதான்.